கரி வடிகட்டி அடைத்தால்: காசு கட்டுமுன் காரணத்தைத் தேடுவோம்



இந்த முறை வாகனப் பாடம். "கொழுந்து பறிக்கிற எங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இன்று நம் பிள்ளைகளில் பலர் வேன், லொறி ஓட்டித்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். அந்த வண்டியில் இருப்பது யாருடைய காசு? அப்பாவின் ஊழியர் சேமலாப நிதி, அம்மாவின் சீட்டுப் பணம், அடகு வைத்த நகை, மீதிக்கு லீசிங். வண்டி ஒரு கிழமை கராஜில் நின்றால் அந்தக் கிழமை வீட்டில் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அப்படி வண்டியை நிறுத்தும் புதிய வருத்தம் ஒன்றுதான் டி.பி.எஃப். எனப்படும் டீசல் கரி வடிகட்டி அடைப்பு. லைட் எரிந்ததும் "கழுவினால் சரி" என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். சில நேரம் கழுவுவது சரிதான். பல நேரம் வருத்தம் வேறு இடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழியை இங்கே படிப்போம்.

வன்னி வீதியை வைத்துப் பாடம்

பாடத்துக்கு வன்னியை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டுப் போன நம் ஆட்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறினார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்றால் நம்மில் பலருக்குச் சொந்தபந்தம் இருக்கும் ஊர்கள். மரக்கறி லொறி போகிறது, கலியாணத்துக்கும் துக்கத்துக்கும் ஹயஸ் வேன் போகிறது. கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி மாத்தளை, தம்புள்ளை தாண்டி வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகிறது. மலையில் ஓடும் வண்டியின் குறை அந்தத் தட்டை வீதியில் ஒன்று தீரும், இல்லாவிட்டால் வெளியே தெரியும்.

இன்னொரு காரணம் வன்னி மெக்கானிக்மார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது அங்கே பெற்றோலும் டீசலும் கிடைப்பது பெரும்பாடு. மோட்டார் சைக்கிளையும் காரையும் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதிய பாகம் வராது. இருந்ததை வைத்தே திருத்த வேண்டும். சத்தத்தைக் காதால் கேட்டு, புகையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து வருத்தம் சொல்லும் திறமை அப்படி வளர்ந்தது. கறுப்புப் புகை என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே வருகிறது.

2002 இல் ஏ9 திறந்து, 2006 இல் மறுபடி மூடி, 2009 இல் போர் முடிந்த பின் முழுதாகத் திறந்தது. ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் லொறிகளும் வேன்களும் அந்த வீதிக்கு வந்தன. அவற்றில் சிலவற்றில் இந்த வடிகட்டி இருக்கிறது. இங்கேதான் சிக்கல். வடிகட்டி புகையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இஞ்சினில் வருத்தம் இருந்தாலும் பின்னால் புகை தெரியாது. பழைய மெக்கானிக் பார்த்து நோய் சொன்ன அந்தப் புகை இப்போது பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே பெட்டி அடைத்தால், அடைத்த கரி எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் முதல் வேலை.

முதலில், உங்கள் வண்டியில் அது இருக்கிறதா?

பழைய டாட்டா லொறி, லேலண்ட், பழைய எல்ஃப், உழவு இயந்திரம் இவற்றில் கிடையாது. பின் வந்த ஜப்பான் சிறு லொறிகளில் தேட வேண்டும். பெயர் கம்பனிக்குக் கம்பனி மாறும். இசுசு அதை டி.பி.டி. என்கிறது, ஹினோ டி.பி.ஆர். என்கிறது, மிட்சுபிஷி ஃபூசோ கன்டரில் டி.பி.எஃப். என்றே இருக்கும். பிந்திய டீசல் ஹயஸ் சிலவற்றிலும் உண்டு. டாஷ்போர்டில் அந்த எழுத்து லைட் இருக்கும். வண்டிக்குக் கீழே சைலென்சர் வரிசையில் ஒரு தடித்த பெட்டியும், அதிலிருந்து மேலே போகும் இரண்டு மெல்லிய குழாய்களும் தெரிந்தால் அதுதான்.

வடிகட்டி வேலை செய்யும் விதம்

தேத்தண்ணி வடியை நினைத்துக்கொள்ளுங்க. கரி வடிகட்டி என்பது தேன்கூடு மாதிரிச் சிறு சிறு ஓட்டைகள் உள்ள பீங்கான் கட்டி. ஒரு ஓட்டை முன்பக்கம் திறந்து பின்பக்கம் மூடியிருக்கும். அடுத்தது மாறி இருக்கும். அதனால் புகை, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள சுவரைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும். வாயு போய்விடும், கரி நின்றுவிடும்.

நிற்கும் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். நாம் "சுய எரிப்பு" என்போம். நீண்ட ஓட்டத்தில் சைலென்சர் நன்றாகச் சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எரியும். அது போதாவிட்டால் கம்பியூட்டர் கூடுதல் டீசல் விட்டு, வடிகட்டிக்குள் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி எரிக்கும்.

ஆனால் லயத்து அடுப்பில் விறகு எரிந்தாலும் சாம்பல் மிஞ்சும் அல்லவா? அப்படித்தான் இங்கேயும். கரி எரியும், சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் பெரும்பாலும் இஞ்சின் ஒயிலில் கலந்திருக்கும் மருந்துகளிலிருந்து வருவது. பல வருடமாகச் சேரும். அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணித்தான் எடுக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்க. சாம்பல் நிறைந்த வடிகட்டிக்குச் சுத்தம் செய்வது சரியான வைத்தியம். சீக்கிரம் சீக்கிரமாகக் கரி நிறைகிற வடிகட்டிக்குக் காரணத்தைத் திருத்துவதே வைத்தியம். தேயிலைத் தூள் கோளாறாக இருக்கும்போது வடியைக் கழுவிக்கொண்டே இருந்தால் தேத்தண்ணி தெளியுமா?

கரி அளவுக்கு மீறிச் சேரும் காரணங்கள்

ஓட்டும் முறை. மலையில் இருந்து ஸ்டோருக்கு மூன்று கிலோமீற்றர் கொழுந்து ஏற்றி, நிறுக்கும் இடத்தில் இஞ்சினை ஓடவிட்டு நிற்கிற லொறி ஒருநாளும் போதிய அளவு சூடாகாது. வன்னியில் நெல் அறுவடைக் காலத்தில் வயலுக்கும் மில்லுக்கும் ஓடும் லொறிக்கும் இதே கதைதான்.

காற்றுக் குறைவு. வன்னியின் உள்வீதிக் கிரவல் தூசி ஏர் ஃபில்டரை விரைவில் அடைக்கும். டேர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் வெடித்தாலும் காற்றுக் குறைந்து கரி கூடும்.

டீசல் கூட விழுவது. ஒழுகும் இஞ்செக்டர் இதற்கு முதற் காரணம்.

ஒயில் எரிவது. டேர்போ சீல் போனால் ஒயில் வடிகட்டிக்குள்ளேயே போகும்.

ஈ.ஜி.ஆர். வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்குத் திருப்பி விடுகிற வால்வு இது. திறந்தபடி இறுகிவிட்டால் கரி மளமளவென்று சேரும்.

தேர்மோஸ்டாட் திறந்தே நிற்பது. இஞ்சின் சூடாகாது, சுய எரிப்பும் தொடங்காது. நுவரெலியாக் குளிரில் இதை "குளிர்தானே" என்று விட்டுவிடுவோம். வவுனியா வெயிலிலும் சூட்டு முள் மேலே ஏறாவிட்டால் சந்தேகப்படுங்க.

எண்ணெய் வகை. ஓட்டோ டீசலில் கந்தகம் கூட, சூப்பர் டீசலில் குறைவு. கந்தகம் கூடினால் வடிகட்டிக்கு முன்னால் உள்ள ஊக்கியின் வேலை குறையும். மண்ணெண்ணெய் கலப்பதை மறந்துவிடுங்க. தடைக் காலத்தில் அது வழியில்லாமல் செய்த வேலை. இந்த வகை இஞ்சினில் பம்பும் இஞ்செக்டரும் தேய்ந்துவிடும். இஞ்சின் ஒயிலும் சாம்பல் குறைந்த வகையாக இருக்க வேண்டும். ஜப்பான் லொறிக்கு டின்னில் "ஜாசோ டி.எச்.-2", சிறு டீசல் வண்டிக்கு "டி.எல்.-1" என்று போட்டிருக்கும்.

கடைசியாக, பொய் சொல்லும் சென்சர். வடிகட்டி நன்றாகவே இருக்கும், ஆனால் அதை அளக்கும் கருவி "அடைத்துவிட்டது" என்று சொல்லும்.

காசு செலவில்லாமல் செய்யும் ஆறு சோதனைகள்

1. லைட் எப்படி எரிகிறது என்று பாருங்க. டி.பி.எஃப். லைட் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் "என்னைக் கொஞ்சம் ஓட்டு" என்று பொருள். அதோடு இஞ்சின் லைட்டும் எரிந்து, இழுவையும் குறைந்திருந்தால் வேறு கோளாறும் இருக்கலாம். வேறு கோளாறு பதிவாகியிருந்தால் பல வண்டிகள் சுய எரிப்பையே தொடங்காது. டீசல் ரிசர்வுக்கு வந்துவிட்டாலும் சில வண்டிகளில் அப்படித்தான்.

2. ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்க. அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, டீசல் மணக்கிறதா? சுய எரிப்புக்கு விட்ட டீசல் எரியாமல் ஒயிலில் இறங்கியிருக்கிறது. இப்படியே ஓட்டினால் இஞ்சினே போய்விடும். முதலில் ஒயில் மாற்ற வேண்டும்.

3. வண்டி ஆறிய பின், சைலென்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடையுங்க. நல்ல வடிகட்டி உள்ள வண்டியில் துணி பெரிதாகக் கறுக்காது. கரி அள்ளிக்கொண்டு வந்தால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது முன்பே யாரோ உள்ளே இருந்ததை எடுத்திருக்கலாம். உடைந்ததைக் கழுவிப் பயனில்லை.

4. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்க. டேர்போ குழாய்களைக் கையால் தடவுங்க. ஒயில் கசிவும் கரியும் உள்ள இடத்தில் வெடிப்பு இருக்கும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது "உஸ்" என்று காற்று போகும் சத்தமும் வரும்.

5. வடிகட்டியிலிருந்து வரும் இரண்டு மெல்லிய குழாய்களையும் பாருங்க. உருகியிருக்கிறதா, பிளந்திருக்கிறதா, ஒன்று கழன்றிருக்கிறதா? உள்ளே அடைப்பிருந்தால் சென்சரிலிருந்து கழற்றியபின் ஊதி எடுக்கலாம். சென்சருக்குள் கொம்பிரசர் காற்று அடிக்க வேண்டாம், அது செத்துவிடும்.

6. சூட்டு முள். இருபது நிமிடம் ஓட்டிய பின்னும் நடுவுக்கு வராவிட்டால் தேர்மோஸ்டாட்டைப் பாருங்க.

இந்த ஆறும் சரி, லைட் மட்டும்தான் எரிகிறது என்றால், ஒருமுறை நீளமாக ஓட்டிப் பார்க்கலாம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று நேர் வீதி. சட்டம் விடும் வேகத்தில், ஒரு கியர் குறைத்து, சுற்று 2000க்கு மேல் நிற்கும்படி அரை மணி நேரம் சீராக ஓட்டினால் பல வண்டிகள் தாமே எரித்துக்கொள்ளும். ஒரு விஷயம் கவனம். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட எல்லா வண்டியும் நிற்கும். அந்த நேரம் ஐட்லிங் வழக்கத்தை விடக் கூடி, ஃபேன் சத்தமாக ஓடி, சூட்டு மணம் வந்தால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. உடனே இஞ்சினை நிறுத்தாதீங்க. முடியட்டும், பிறகு இறங்கித் தேங்காய் உடைக்கலாம், கச்சானும் வாங்கலாம்.

எல்ஃப் போன்ற லொறிகளில் கையால் எரிக்கும் பட்டனும் உண்டு. லைட் மினுங்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துப் பட்டனை அமர்த்த வேண்டும். கீழே காய்ந்த புல், பனையோலை, விறகு இருக்கவே கூடாது. வன்னி வரட்சியில் அந்தச் சூட்டுக்குப் புல் பற்றிக்கொள்ளும். பிள்ளைகளைச் சைலென்சர் பக்கம் விடாதீங்க.

ஸ்கேனர் போட்டால் என்ன கேட்க வேண்டும்?

கராஜில் ஸ்கேனர் போட்டதும் முதலில் கோட் எண்களை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்க. பிறகுதான் அழிக்க விட வேண்டும். பொதுவான எண்கள் சில: பி 2463 என்றால் கரி கூடிவிட்டது. பி 242எஃப் என்றால் சாம்பல். பி 2002 என்றால் வடிகட்டி ஒழுங்காகப் பிடிக்கவில்லை. பி 2453 என்றால் அழுத்த சென்சரின் அளவு சரியில்லை. பி 0401 என்றால் ஈ.ஜி.ஆர். ஓட்டம் குறைவு. சில பழைய ஜப்பான் லொறிகள் தங்கள் சொந்த எண்ணைக் காட்டும்.

கோட் மட்டும் போதாது, உயிரோடு ஓடும் எண்களையும் பார்க்கச் சொல்லுங்க. வடிகட்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் முக்கியம்.

சாவி போட்டு இஞ்சின் ஓடாதபோது அது பூச்சியம் காட்ட வேண்டும். அப்போதே ஏதாவது எண் காட்டினால் சென்சரோ வயரோதான் கோளாறு.

ஐட்லிங்கில் சிறு வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு கிலோபாஸ்கலுக்கு உள்ளே இருக்கும். சுற்றைக் கூட்டக் கூட்ட மெல்ல ஏற வேண்டும். ஏறாமல் பூச்சியத்திலேயே நின்றால் குழாய் கழன்றிருக்கலாம், வடிகட்டி உடைந்திருக்கலாம். 2500 சுற்றில் பத்தைத் தாண்டினால் உண்மையான அடைப்பு என்று எடுக்கலாம். வண்டிக்கு வண்டி இது மாறும். கம்பனி கொடுத்த எண்தான் கடைசித் தீர்ப்பு.

காலையில் ஆறிய வண்டியில் எல்லாச் சூட்டு சென்சர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதை மாற்ற வேண்டும்.

கடைசி எரிப்புக்குப் பிறகு எத்தனை கிலோமீற்றர் என்றும் பாருங்க. வர வர இந்தத் தூரம் குறைந்தால் இஞ்சின் கரியை அள்ளிக் கொட்டுகிறது, அல்லது சாம்பல் நிறைந்துவிட்டது.

ஓர் உதாரணம்

ஒரு தம்பி மரக்கறி லொறியோடு கிளிநொச்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாங்குளத்தில் லைட். கராஜில் "தம்பி, உள்ளுக்கு அடைச்சுப் போச்சு, கழுவினால் சரி" என்கிறார்கள். கழுவுகிறார்கள், லைட் போகிறது. மூன்று கிழமையில் அதே லைட். மறுபடி கழுவினால் மறுபடி காசு. கடைசியில் பார்த்தால் டேர்போ குழாயில் ஒரு வெடிப்பு. குழாயின் விலை ஒரு கழுவலின் விலைகூட வராது. முதல் நாளே, "அண்ணை, கழுவுறதுக்கு முந்தி அழுத்தம் எவ்வளவு காட்டுது? குழாயெல்லாம் பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தால் இரண்டு கழுவலும் மிச்சம்.

கழுவத்தான் வேண்டும் என்றால்

வண்டி பல இலட்சம் கிலோமீற்றர் ஓடியது, இஞ்சினில் குறையில்லை, அழுத்தம் மட்டும் கூட என்றால் சாம்பல்தான். தாராளமாகக் கழுவுங்க. ஆனால் இவற்றைக் கேளுங்க:

கழுவுமுன் அழுத்தம் எவ்வளவு, கழுவியபின் எவ்வளவு? இரண்டையும் எழுதித் தருவீர்களா?

கழற்றிச் சுத்தம் பண்ணுவீர்களா, சும்மா மருந்து அடிப்பீர்களா? அடிக்கிற மருந்து கரியைத் தளர்த்தும், சாம்பலை வெளியே எடுக்காது.

கம்பியூட்டரில் எண்ணை மட்டும் பூச்சியமாக்குவீர்களா? சுத்தம் பண்ணாமல் எண்ணை மாற்றினால் நோய் அப்படியே, காய்ச்சல் அளக்கிற கருவி மட்டும் உடைக்கப்பட்டிருக்கும்.

உள்ளே இருக்கும் பீங்கானை உடைக்க மாட்டீர்கள்தானே?

கரி மிக அதிகமாக இருக்கும்போது ஸ்கேனரால் பலவந்தமாக எரிக்கவும் கூடாது. உள்ளே தீ அடங்காமல் போனால் பீங்கான் உருகி வெடிக்கும். பெற்றோல், மண்ணெண்ணெய், அசிட் ஊற்றுவதும், தட்டுவதும், கடும் அழுத்தத் தண்ணீர் அடிப்பதும் வேண்டவே வேண்டாம்.

"எடுத்துவிட்டால் தொல்லை இல்லை" என்பது

இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வடிகட்டியை எடுத்தால் லைட் போகும், இஞ்சினின் வருத்தம் போகாது. ஒழுகும் இஞ்செக்டர் ஒழுகிக்கொண்டே இருக்கும். வருடா வருடம் வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது.

அதைவிடப் பெரியது பிள்ளைகளின் நெஞ்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2012 இல் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. தோக்கியோ நகரம் 2003 ஒக்டோபர் முதல் புகை அளவுக்கு உட்படாத டீசல் லொறி, பஸ்களை உள்ளே விடாமல் தடுத்தது. நம் கைக்கு வந்த ஜப்பான் லொறிகளில் இந்தப் பெட்டி இருப்பது இப்படியான சட்டங்களால்தான். அங்கே பிள்ளைகளைக் காக்கப் பூட்டியதை இங்கே கழற்றி, நம் ஸ்கூல் வேனுக்குப் பின்னால் புகையை விடுவது நியாயமா?

படித்ததைச் சரிபார்க்க

வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளையை உட்கார வைத்து இவற்றைக் கேளுங்க.

1. கரிக்கும் சாம்பலுக்கும் என்ன வித்தியாசம்? எதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்?
2. ஒயில் கம்பியில் அளவு கூடியிருந்தால் என்ன பொருள்?
3. இஞ்சின் ஓடாதபோது அழுத்த வித்தியாசம் எவ்வளவு காட்ட வேண்டும்?
4. சைலென்சர் வாயில் துடைத்த துணி கறுத்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும்?
5. கையால் எரிக்கும் பட்டனை எங்கே அமர்த்தக் கூடாது?

ஐந்துக்கும் பதில் வந்தால் அந்தப் பிள்ளை கராஜில் நிமிர்ந்து நின்று பேசும். வராவிட்டால் இந்தப் பக்கத்தை வெட்டி வண்டியின் புத்தகத்தோடு வைத்துவிடுங்க. லைட் எரியும் நாளில் உதவும்.